நகராட்சிக்குச் சொந்தமான நிலத்தடி எரிபொருள் தொட்டிகள்: கசிவைத் தடுக்க எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி – பணிமனைப் பொறியாளர்

வணக்கம். நான் ஒரு மாநகராட்சியின் இயந்திரப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்கள் மாநகராட்சிக்குச் சொந்தமாக ஐந்து நிலத்தடி எரிபொருள் தொட்டிகள் உள்ளன. குப்பை லாரிகளும் பிற வாகனங்களும் நிற்கும் பணிமனையில் தலா 20,000 லிட்டர் கொள்ளளவுள்ள இரண்டு டீசல் தொட்டிகளும் ஒரு பெட்ரோல் தொட்டியும், தீயணைப்பு நிலையத்தில் ஒரு டீசல் தொட்டியும், குடிநீர் நீரேற்று நிலையத்தில் ஜெனரேட்டருக்கென ஒரு டீசல் தொட்டியும் இருக்கின்றன. ஐந்துமே ஒற்றைச் சுவர் கொண்ட எஃகுத் தொட்டிகள். புதைத்து 30 ஆண்டுகளுக்கு மேலாகிறது. வெளிப்புறத்தில் தார்ப்பூச்சு பூசப்பட்டதாக ஒரு பழைய கோப்பில் குறிப்பு இருக்கிறதே தவிர, அரிமானத்தைத் தடுக்க வேறு ஏதேனும் செய்யப்பட்டதற்கான ஆவணம் கிடைக்கவில்லை.

இத்தொட்டிகளை மேம்படுத்த வரும் நிதியாண்டில் ஒரு தொகை ஒதுக்குவதாக மன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. எனினும் ஐந்தையும் ஒரே ஆண்டில் மாற்ற அத்தொகை போதாது. ஓர் ஒப்பந்ததாரர், தொட்டிகளைத் தோண்டி எடுக்காமல் உள்ளே எபாக்சி பூச்சு கொடுத்தால் போதும், செலவும் குறையும் என்கிறார். மற்றொருவர், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இரட்டைச் சுவர்த் தொட்டிகளைப் புதைக்க வேண்டும் என்கிறார். கிடங்குக் கணக்கைப் பார்த்தால் மாதாந்திர வித்தியாசம் எப்போதும் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்ளேயே இருக்கிறது. எனவே கசிவே இல்லாதபோது அவசரம் எதற்கு என்று மேலிடத்தில் கேட்கிறார்கள்.

உட்பூச்சு போதுமா, எந்தத் தொட்டியை முதலில் எடுப்பது, தொட்டியைத் தவிர வேறு எதையெல்லாம் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்பவற்றை இத்துறையில் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.


பதில் 1 – அரிமானத் தடுப்பு

வணக்கம். உட்பூச்சைப் பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். அது முற்றிலும் பயனற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் தொட்டிகளுக்கு அது பொருந்தாது என்றே கருதுகிறேன்.

மண்ணில் புதைந்திருக்கும் வெற்று எஃகு ஒரே சீராகத் துருப்பிடிப்பதில்லை. ஒரு பக்கம் களிமண்ணும் மறுபக்கம் மணலும் இருந்தாலோ, ஓரிடத்தில் ஈரம் தேங்கி மற்றோரிடம் உலர்ந்திருந்தாலோ, எஃகுத் தகட்டுடன் பித்தளைப் பொருத்துகள் இணைந்திருந்தாலோ, அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகி, ஒரு குறிப்பிட்ட புள்ளியிலிருந்து மட்டும் உலோகம் தொடர்ந்து கரைந்துகொண்டே போகும். அதனால் தகட்டின் பெரும்பகுதி புதிதுபோல் இருக்கும்போதே ஊசிமுனை அளவிலான ஒரு குழி அதை முழுமையாகத் துளைத்துவிட முடியும். தார்ப்பூச்சு உதவுவது உண்மைதான். ஆனால் அது உரிந்துபோன இடத்தில் அரிமானம் முழுவதும் அந்தச் சிறு பரப்பின் மீதே குவிகிறது. நாலைந்து இடங்களில் மீயொலிக் கருவியை வைத்துத் தகட்டின் தடிமனை அளந்து, தொட்டி நல்ல நிலையில் இருக்கிறது என்று சான்றளிப்பதை நம்பக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

எபாக்சி பூச்சு தொட்டியின் உட்புறத்தைக் காக்கும். வெளிப்புறத்தில் நடப்பது நடந்துகொண்டேதான் இருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988-ல் வெளியிட்ட விதிகள், பழைய தொட்டிகளை 1998 டிசம்பர் 22-க்குள் மேம்படுத்த வேண்டும், அல்லது மாற்ற வேண்டும், அல்லது மூடிவிட வேண்டும் என்று பத்தாண்டு அவகாசம் கொடுத்தன. அந்த அவகாசத்தில் பலர் தேர்ந்தெடுத்த மலிவான வழி இதே உட்பூச்சுதான். பூசிய 10 ஆண்டுகளுக்குள் ஒரு முறையும் அதன் பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒரு முறையும் உள்ளே இறங்கி ஆய்வு செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. பூச்சை மட்டுமே நம்பியிருக்கும் தொட்டியில் அது பழுதடைந்து, விதிப்படி சரிசெய்யவும் முடியாமல் போனால் தொட்டியை நிரந்தரமாக மூடியாக வேண்டும் என்று 2015-ல் திருத்தப்பட்ட விதிகள் சொல்கின்றன. அதாவது இன்று மிச்சமாகும் பணம் சில ஆண்டுகள் கழித்து ஆய்வுச் செலவோடு சேர்ந்து திரும்ப வந்து நிற்கும்.

எதிர்மின்முனைப் பாதுகாப்பு இதைவிட உறுதியான வழி. மெக்னீசியம் அல்லது துத்தநாகக் கட்டிகளைத் தொட்டியோடு இணைத்துப் புதைத்தால், தொட்டிக்குப் பதிலாக அவை கரையும். நல்ல வெளிப்பூச்சோடு ஆலையிலிருந்து வரும் புதிய தொட்டிக்கு இது ஏற்றது. பூச்சு உரிந்த பெரிய பழைய தொட்டிக்கு வெளியிலிருந்து நேர்மின்னோட்டம் செலுத்தும் முறைதான் தாங்கும். அப்படிச் செய்தால், தாமிர சல்பேட் ஒப்பீட்டு மின்முனையை வைத்து அளக்கும்போது மின்னழுத்தம் மைனஸ் 850 மில்லிவோல்ட் அல்லது அதைவிட எதிர்மறையாக இருக்கிறதா என்பதை 3 ஆண்டுகளுக்கு ஒரு முறை தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும். அந்த நேர்மின்னோட்டத்தைத் தரும் மின்திருத்தி ஓடுகிறதா என்பதை 60 நாளுக்கு ஒரு முறை பார்த்து எழுதி வைக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மின்திருத்தியின் பெட்டி ஏதோ ஒரு மூலையில் சுவரில் மாட்டியிருக்கும். யாரோ ஒருவர் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டால் மாதக்கணக்கில் எவருக்கும் தெரியாது. தெரியாத அந்த மாதங்களில் அரிமானம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

என் கருத்து: வயதும் வரலாறும் தெரியாத ஒற்றைச் சுவர் எஃகுத் தொட்டிகளுக்குப் பணம் போட வேண்டாம். ஃபைபர் கிளாஸ் தொட்டியோ, வெளிப்புறம் ஃபைபர் கிளாஸ் போர்த்திய எஃகுத் தொட்டியோ, எதுவாயினும் இரட்டைச் சுவருடையதாக வாங்குங்கள். அதிக எரிபொருள் புழங்கும் பணிமனையிலிருந்து தொடங்கலாம்.

டீசல் தொட்டிகளைப் பற்றி ஒரு சொல். துரு வெளியிலிருந்து மட்டுமே வருவதில்லை. அதே முகமை 2016-ல் வெளியிட்ட ஆய்வில், உள்ளே பார்க்கப்பட்ட 42 டீசல் தொட்டிகளில் 83 சதவீதத்தில் உட்புற உலோகப் பாகங்கள் மிதமாகவோ கடுமையாகவோ அரிக்கப்பட்டிருந்தன. ஃபைபர் கிளாஸ் தொட்டிகளும் அவற்றில் அடக்கம், ஏனெனில் அவற்றினுள்ளும் பம்ப், வால்வு, குழாய் என உலோகம் இருக்கிறது. அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது இறைத்து எடுப்பது இதற்கு எளிய தற்காப்பு.


பதில் 2 – குழாயும் வால்வும்

முதல் பதிலில் தொட்டியைப் பற்றி எழுதப்பட்டதை நான் ஏற்கிறேன். ஆனால் மதிப்பீடு தயாரிக்கும்போது தொட்டியிலேயே பார்வை நின்றுவிடக் கூடாது. புதிய இரட்டைச் சுவர்த் தொட்டியைப் புதைத்துவிட்டு, அதன் தலையில் பழைய குழாயையும் பழைய நிரப்புவாயையும் மாட்டிவிட்ட இடங்களை நான் பார்த்திருக்கிறேன். எரிபொருள் மண்ணுக்குள் போவதற்கான வழிகளில் பாதிக்கு மேற்பட்டவை அப்படியே திறந்து கிடந்தன.

முதலில், உங்கள் பம்புகள் உறிஞ்சும் வகையா, தள்ளும் வகையா என்று பாருங்கள். உறிஞ்சும் அமைப்பில், குழாய் முழுவதும் தொட்டியை நோக்கிச் சரிந்திருந்து, ஒரே ஒரு தடுப்பு வால்வு பம்புக்கு நேர் கீழே மட்டும் இருந்தால், குழாயில் ஓட்டை விழும்போது காற்று உள்ளே போகும், எரிபொருள் தொட்டிக்கே திரும்பி இறங்கிவிடும். பம்பு இழுக்கத் திணறுவதால் ஊழியருக்கும் உடனே தெரிந்துவிடும். அமெரிக்க விதிகள் இத்தகைய குழாய்க்குத் தனியாகக் கசிவுக் கண்காணிப்பே கேட்பதில்லை. தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் பம்பு எரிபொருளைத் தள்ளும் அமைப்போ இதற்கு நேர் எதிரானது. குழாயில் துளை விழுந்தால், பம்பு ஓடும் ஒவ்வொரு முறையும் அத்துளை வழியாக எரிபொருள் மண்ணுக்குள் செலுத்தப்படும். அதனால் தள்ளும் அமைப்பில் தானியங்கிக் குழாய்க்கசிவு உணரி கட்டாயம் வேண்டும். மணிக்கு 3 கேலன், அதாவது சுமார் 11 லிட்டர் கசிவை ஒரு மணி நேரத்துக்குள் அது கண்டுபிடித்து, ஓட்டத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ அலாரம் அடிக்கவோ வேண்டும் என்பது விதி. மாட்டினால் மட்டும் போதாது. ஆண்டுக்கு ஒரு முறை செயற்கையாகக் கசிவை ஏற்படுத்தி அது வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

அடுத்தது நிரப்புவாய். அதைச் சுற்றி, டேங்கர் லாரியின் ஹோஸைக் கழற்றும்போது சொட்டுவதைப் பிடிப்பதற்காக ஒரு சிறு வாளியைப் பதித்திருப்பார்கள். உங்கள் பணிமனையில் அது இருந்தால், நாளைக்கே மூடியைத் திறந்து பாருங்கள். மழைநீர், மண், காய்ந்த இலை, மேலே மிதக்கும் டீசல் படலம் ஆகியவை இருக்கும். அவற்றைச் சுத்தமாக எடுத்துவிட்டு விளிம்பை விரலால் தடவிப் பார்த்தால் மயிரிழை போன்ற வெடிப்பு தட்டுப்படலாம். வாகனச் சக்கரங்கள் ஏறி இறங்கி ஏற்பட்ட வெடிப்பு அது. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் அதன் வழியே சிறிது சிறிதாக இறங்கும் எரிபொருள் எந்தக் கணக்கிலும் வராது. இப்போதைய அமெரிக்க விதிப்படி இவ்வாளியை 30 நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும், ஒற்றைச் சுவருடையதானால் 3 ஆண்டுகளுக்கு ஒரு முறை நீர் புகாத்தன்மையைச் சோதிக்க வேண்டும். வாகனத்துக்கு எரிபொருள் ஊற்றும் டிஸ்பென்சருக்குக் கீழும் தொட்டியின் மேல் பம்பு அமரும் இடத்திலும் சம்ப் எனப்படும் நீர் புகாத சேகரிப்புத் தொட்டி அமைத்து, அதற்குள் சென்சார் வைத்துவிட்டால் பெரும்பாலான பொருத்துக் கசிவுகள் மண்ணைத் தொடாமல் அங்கேயே தேங்கி நிற்கும்.

அளவுக்கு மேல் நிரம்புவதைத் தடுக்கும் கருவியும் மதிப்பீட்டில் இருக்க வேண்டும். தொட்டி 95 சதவீதம் நிரம்பியதும் நிரப்புக் குழாய்க்குள் தானாக மூடிக்கொள்ளும் வால்வு, அல்லது 90 சதவீதத்தில் ஒலிக்கும் அலாரம், இரண்டில் ஒன்று வேண்டும். ஆவிக்குழாயில் மாட்டும் மிதவைப் பந்து வால்வை வாங்காதீர்கள். புதிதாகப் பொருத்துவதற்கு அதை 2015 திருத்தம் அனுமதிப்பதில்லை. அலாரம் வைத்தால் அது லாரி நிற்கும் இடத்தில், ஓட்டுநரின் காதில் விழும்படி இருக்க வேண்டும். அலுவலக அறைக்குள் ஒலிக்கும் அலாரத்தால் எவருக்கும் பயனில்லை.

மிகச் சிறிய பொருள் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எரிபொருளின் மட்டத்தை அளக்கும் டிப் ராடைத் தினமும் ஒரே குழாய் வழியாக விடுவதால், அதன் முனை தொட்டியின் அடித்தகட்டில் எப்போதும் ஒரே புள்ளியில்தான் இடிக்கிறது. லாரியிலிருந்து கொட்டும் எரிபொருளும் அதே இடத்தில்தான் விழுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த இடம் தேய்ந்து துளை விழுந்த தொட்டிகள் உண்டு. அதற்கு நேர் கீழே ஒரு தடுப்புத் தகடு இருக்கிறதா என்று தொட்டியின் வரைபடத்தில் உறுதி செய்யுங்கள்.


பதில் 3 – நிலத்தடி நீர்

மேலே எழுதிய இருவரும் தொட்டியையும் குழாயையும் பற்றிச் சொல்லிவிட்டார்கள். எதை முதலில் எடுப்பது என்ற கேள்விக்கு மட்டும் நான் மாறுபட்ட பதிலைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பணிமனையிலிருந்து தொடங்கலாம் என்பதை நான் ஏற்கவில்லை. நீரேற்று நிலையத்து ஜெனரேட்டர் தொட்டியைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

கசிந்தால் எவ்வளவு போகும் என்பதைவிட, கசிந்தது எங்கே போய்ச் சேரும் என்பதே முக்கியம். நீரேற்று நிலையம் இருக்கும் இடத்தில் கிணறோ, ஆழ்துளைக் கிணறோ, தரைமட்ட நீர்த்தேக்கத் தொட்டியோ அருகிலேயே இருக்கும். பம்புகள் ஓடும்போது சுற்றியுள்ள நிலத்தடி நீர் முழுவதும் கிணற்றை நோக்கி இழுக்கப்படுகிறது. கசிந்த எரிபொருளும் அதே திசையில்தான் செல்லும். அதோடு ஜெனரேட்டர் தொட்டி என்பது மின்தடையின்போது மட்டும் எவருக்கும் நினைவுக்கு வருவது. தினமும் டிப் பார்ப்பவர் இல்லை, நிரப்ப வரும் லாரியும் அரிது. அமெரிக்காவில்கூட 1988 விதிகளில் அவசரகால ஜெனரேட்டர் தொட்டிகளுக்குக் கசிவுக் கண்காணிப்பு ஒத்திவைக்கப்பட்டிருந்தது. 2015-ல்தான் அந்த ஒத்திவைப்பு நீக்கப்பட்டது. பழைய தொட்டிகளுக்கு 2018 அக்டோபர் வரை அவகாசமும் தரப்பட்டது.

குடிநீர் ஆதாரம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவின் சான்டா மோனிகா நகரத்தை எடுத்துக்கொள்ளலாம். அருகிலிருந்த நிலத்தடித் தொட்டிகளிலிருந்தும் குழாய்களிலிருந்தும் கசிந்த பெட்ரோலில் கலந்திருந்த எம்டிபிஇ என்ற சேர்மம் சார்னாக் கிணற்றுத் தொகுதியை எட்டியதால், 1996-ல் அக்கிணறுகளை மூட வேண்டியதாயிற்று. நகரம் தன் குடிநீரில் ஏறத்தாழப் பாதியை இழந்து, ஆண்டுக்கணக்கில் வெளியிலிருந்து தண்ணீர் வாங்கியது. பெட்ரோல் தொட்டி உங்கள் பணிமனையிலும் இருப்பதால் ஒரு கணக்கையும் சொல்கிறேன். பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் இருப்பதாகக் கொண்டால், ஒரு லிட்டரில் கிட்டத்தட்ட 9 கிராம் பென்சீன் இருக்கும். அமெரிக்காவில் குடிநீருக்கான பென்சீன் உச்சவரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். அதன்படி, ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன், 17 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவரப் போதுமானது. டீசலில் பென்சீன் மிகக் குறைவுதான். ஆனால் மிகச் சிறிய அளவு டீசலே தண்ணீருக்கு வாடையும் சுவையும் கொடுத்துவிடும் என்பதால், நீரேற்று நிலையத்தில் அதையும் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

எனவே ஐந்து தொட்டிகளுக்கும் ஒரு வரைபடம் தயாரியுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் மிக அருகிலுள்ள கிணறு எவ்வளவு தொலைவில் இருக்கிறது, நிலத்தடி நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, மண் மணலா களியா, நீர் எந்தத் திசையில் நகர்கிறது, அருகில் மழைநீர் வடிகாலோ கட்டடத்தின் அடித்தளமோ இருக்கிறதா என்று குறித்தால், வரிசை தானாகவே தெரிந்துவிடும். மன்றத்தில் வைக்கவும் அதுவே நல்ல ஆவணம்.

தோண்டும் வேலைக்கு இரண்டு எச்சரிக்கைகள். பழைய தொட்டியைக் காலி செய்துவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று பொருளல்ல, எஞ்சியிருக்கும் ஆவிதான் வெடிக்கக்கூடியது. கசடை அகற்றி, ஆவியை வெளியேற்றி அல்லது நைட்ரஜன் போன்ற மந்த வாயுவால் நிரப்பி, கருவியால் அளந்து பார்த்த பிறகே வெட்டவோ தூக்கவோ வேண்டும். தூக்கியவுடன் குழியை மூடிவிடாமல், தொட்டியின் இரு முனைகளுக்குக் கீழிருந்தும் குழாய்த் தடத்திலிருந்தும் டிஸ்பென்சருக்கு அடியிலிருந்தும் மண் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கசிவு நடந்ததா இல்லையா என்பதற்கு உறுதியான சான்று அந்த மண்ணில்தான் இருக்கிறது.

இரண்டாவது, நீர்மட்டம் உயரமாக உள்ள இடத்தில் காலித் தொட்டி மேலே மிதந்து எழும். 20,000 லிட்டர் தொட்டி முழுவதும் நீரில் அமிழ்ந்தால் அதை மேலே தள்ளும் விசை ஏறத்தாழ 20 டன். தொட்டியின் எடையோ சில டன்தான். புதிய தொட்டியைக் கான்கிரீட் அடித்தளத்தோடு பட்டைகளால் கட்டி இறுக்கும் செலவை மதிப்பீட்டில் விட்டுவிடாதீர்கள்.


பதில் 4 – அரிமானத் தடுப்பு

முன்னுரிமை பற்றி நிலத்தடி நீர் நண்பர் சொன்னதே சரி. அதிகம் புழங்கும் இடம் என்ற அடிப்படையில் நான் பணிமனையைச் சொன்னேன். கிணறுகள் அருகில் இருக்கும்போது அந்த அடிப்படை நிற்காது. நீரேற்று நிலையத்தை முதலில் எடுங்கள்.


கேள்வி கேட்டவர் – பணிமனைப் பொறியாளர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நீரேற்று நிலையத்துத் தொட்டி இருக்கும் இடத்திலிருந்து கிணறு கண்ணுக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. இதை நாங்கள் இதுவரை இந்தக் கோணத்தில் பார்க்கவில்லை.

இன்னும் இரண்டு ஐயங்கள். கணக்கில் வித்தியாசம் வரவில்லையே என்ற மேலிடத்தின் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது? ஜெனரேட்டருக்கு மீண்டும் நிலத்தடித் தொட்டிதான் வேண்டுமா, தரைக்கு மேலேயே வைத்துவிட முடியாதா?


பதில் 5 – இருப்புக் கணக்கு

நான் எரிபொருள் இருப்பைச் சரிபார்க்கும் பணியில் இருப்பவன். உங்கள் முதல் ஐயத்துக்குப் பதில் அந்த 'அனுமதிக்கப்பட்ட அளவு' என்பதற்குள்ளேயே இருக்கிறது.

அமெரிக்க விதிகளில் மாதாந்திர இருப்புக் கணக்குக்கான வரம்பு, அம்மாதம் புழங்கிய எரிபொருளில் 1 சதவீதமும் அதனுடன் 130 கேலனும் ஆகும். 130 கேலன் என்றால் சுமார் 492 லிட்டர். ஒரு தொட்டியில் மாதம் 30,000 லிட்டர் புழங்குவதாக வைத்துக்கொண்டால், 300 லிட்டரும் 492 லிட்டரும் சேர்ந்து 792 லிட்டர் வரை வித்தியாசம் வந்தாலும் கணக்கு சரி என்றே எழுதப்படும். அவ்வளவு எரிபொருள் மாதந்தோறும் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தாலும் உங்கள் பதிவேட்டில் ஒரு சிவப்புக் கோடுகூட விழாது. இந்த முறையின் குறையை அறிந்துதான், புதிய தொட்டியின் முதல் 10 ஆண்டுகளுக்கு மட்டும், அதுவும் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை கசிவுச் சோதனை செய்யும் நிபந்தனையோடு, இதை அனுமதித்தார்கள். 30 ஆண்டு கடந்த தொட்டிக்கு இருப்புக் கணக்கு சான்றாகாது.

அளவீட்டிலும் குழப்பம் உண்டு. பெட்ரோலின் பருமன் ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.1 சதவீதம் மாறும். டீசல் அதைவிடச் சற்றுக் குறைவாக மாறும். வெயிலில் வந்த லாரியிலிருந்து இறக்கிய 10,000 லிட்டர் பெட்ரோல், நிலத்துக்கடியில் 5 டிகிரி குளிர்ந்தால் 50 லிட்டர் காணாமல் போனதுபோல் தெரியும். உண்மையான கசிவும் இதே அளவில் இருக்கும்போது இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. தொட்டி சற்றுச் சாய்ந்திருந்தால் அளவு அட்டவணையே பொய்யாகிவிடும். டிப் ராடின் முனையில் நீர் காட்டும் பசையைத் தடவி அடிவரை இறக்கி எடுங்கள். பசை நிறம் மாறியிருந்தால் அடியில் தண்ணீர் இருக்கிறது. மழைக்குப் பின் அந்த நிறமாற்றத்தின் உயரம் கூடிக்கொண்டே போனால், தண்ணீர் உள்ளே வரும் வழியொன்று இருக்கிறது. அதே வழியாக எரிபொருள் வெளியேறவும் முடியும்.

தானியங்கி அளவுமானி வைத்தால் போதுமா என்று அடுத்துக் கேட்பார்கள். அது கண்டறிய வேண்டிய கசிவு மணிக்கு 0.2 கேலன், அதாவது முக்கால் லிட்டர். மாதக் கணக்கில் 550 லிட்டருக்கு அருகில். தொட்டிக் கசிவுச் சோதனையின் வரம்பு அதில் பாதி, மாதத்துக்கு 270 லிட்டர் அளவு. ஒற்றைச் சுவர்த் தொட்டியில் எவ்வளவு நல்ல கருவி வைத்தாலும், இதற்குக் கீழான கசிவு தெரியாமலே இருந்துவிடக்கூடும். இரட்டைச் சுவர்த் தொட்டியில் இரு சுவர்களுக்கும் இடையிலான வெளியை வெற்றிடமாகவோ திரவம் நிரப்பியோ கண்காணிக்கும்போது, எந்தச் சுவரில் துளை விழுந்தாலும் எரிபொருள் மண்ணை அடையுமுன் அலாரம் அடிக்கும். கலிபோர்னியா மாநிலம் 2004 ஜூலைக்குப் பிறகு நிறுவப்பட்ட தொட்டிகளுக்கு இத்தகைய தொடர் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. எஞ்சிய ஒற்றைச் சுவர்த் தொட்டிகளை 2025 டிசம்பர் 31-க்குள் நிரந்தரமாக மூட வேண்டும் என்றும் சட்டம் இயற்றியது. மேலிடத்துக்கு இந்த எண்களையே குறிப்பாக எழுதிக் கொடுங்கள். கசிவு இல்லை என்று கணக்கு சொல்லவில்லை. தன்னால் பார்க்க முடியவில்லை என்றுதான் அது சொல்கிறது.

முடிவெடுக்கும் வரை, இருக்கும் ஐந்துக்கும் தகுதியுள்ள நிறுவனத்தைக் கொண்டு தொட்டிக்கும் குழாய்க்கும் தனித்தனியே கசிவுச் சோதனை செய்துவிடுங்கள். தொட்டி மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகையே.


பதில் 6 – குழாயும் வால்வும்

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு: ஜெனரேட்டருக்குத் தரைக்கு மேலான தொட்டியே நல்லது. ஜெனரேட்டரின் அடிச்சட்டத்திலேயே அமையும் இரட்டைச் சுவர்த் தொட்டி கிடைக்கிறது. அதன் கொள்ளளவு போதாதென்றால், கான்கிரீட் தளத்தின் மேல் தனியாக ஓர் இரட்டைச் சுவர்த் தொட்டியை வைக்கலாம். சொட்டினால் கண்ணுக்குத் தெரியும் என்பதே இதன் பெரும் பலன். தீயணைப்பு விதிகள் கேட்கும் இடைவெளி, வாகனம் மோதாமல் தடுக்கும் தூண்கள், வெயிலுக்கும் மழைக்கும் கூரை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டியை மேலே கொண்டுவந்துவிட்டுக் குழாயை மண்ணுக்குள் ஓட்டாதீர்கள். எரிபொருள் போகும் குழாயும் திரும்பி வரும் குழாயும் தரைக்கு மேலேயே செல்ல வேண்டும். பணிமனையில் இடநெருக்கடியும் வாகன நடமாட்டமும் இருக்கும் என்பதால் அங்கே நிலத்தடித் தொட்டிதான் பொருந்தும்.

டெண்டர் நிபந்தனைகளில் சில வரிகளை மறக்காமல் சேருங்கள். குழியை மூடுமுன், தொட்டியும் குழாயும் சம்ப்களும் உங்கள் பொறியாளர் முன்னிலையில் சோதிக்கப்பட வேண்டும். ஃபைபர் கிளாஸ் தொட்டியானால், மூடுவதற்கு முன்னும் பின்னும் உள்விட்டத்தை அளந்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மேல் அது அமுங்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். தோண்டிய மண்ணையே திரும்பத் தள்ளிவிடாமல், உருண்டையான சிறு கூழாங்கற்களால் குழியை நிரப்ப வேண்டும். புதைத்தது புதைத்தபடியே காட்டும் வரைபடமும் புகைப்படங்களும் ஒப்படைக்கப்பட்ட பிறகே கடைசித் தவணை வழங்கப்பட வேண்டும். இன்று உங்களுக்கு ஆவணம் கிடைக்காத நிலை அடுத்து வரும் பொறியாளருக்கு வரக் கூடாது.

ஐந்து தொட்டிகளும் மூன்று பிரிவுகளின் பொறுப்பில் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு தொட்டிக்கும் மாதந்தோறும் பார்வையிட்டுக் கையொப்பமிடும் ஓர் ஊழியரைப் பெயர் குறித்து நியமித்து, அவருக்குப் பயிற்சி கொடுத்து, அலாரம் அடித்தால் யாரை அழைப்பது என்பதைத் தொட்டியின் அருகிலேயே எழுதி வையுங்கள். அமெரிக்காவில் ஐயத்துக்குரிய கசிவை 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் நகரத்துக்கும் அதே கால அளவை உள்விதியாக வைத்துக்கொள்ளலாம்.


கேள்வி கேட்டவர் – பணிமனைப் பொறியாளர்

மிக்க நன்றி. ஐந்துக்கும் கசிவுச் சோதனை செய்ய இந்த வாரமே கோப்பு வைக்கிறேன். நீரேற்று நிலையத்துத் தொட்டியை எடுத்துவிட்டுத் தரைக்கு மேல் இரட்டைச் சுவர்த் தொட்டி வைப்பதையும், மண் மாதிரி ஆய்வையும் முதல் ஆண்டுக்கான மதிப்பீட்டில் சேர்க்கிறேன். பணிமனையிலும் தீயணைப்பு நிலையத்திலும் நிரப்புவாய் வாளிகளையும் நிரம்பல் தடுப்பு வால்வுகளையும் இதே ஆண்டில் மாற்றிவிட்டு, அங்குள்ள தொட்டிகளை அடுத்த ஆண்டுக்கு வைக்கலாம் என்று எண்ணுகிறேன். சோதனையில் ஏதேனும் ஒரு தொட்டி தேறாவிட்டால் அதை உடனே காலி செய்துவிட்டு வரிசையை மாற்றிக்கொள்கிறேன். பழைய தொட்டியை எடுக்கும் நாள்களில் ஜெனரேட்டருக்கு எரிபொருள் எப்படிக் கொடுப்பது என்பது மட்டும் பாக்கி.


பதில் 7 – குழாயும் வால்வும்

வேலையின் வரிசையை மாற்றிக்கொண்டால் இடைவெளியே வராது. தரைக்கு மேலான புதிய தொட்டியை முதலில் நிறுவி, ஜெனரேட்டரை அதோடு இணைத்து, முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அதன் பிறகு பழைய தொட்டியில் மீதமுள்ள டீசலை வடிகட்டிப் பணிமனை வாகனங்களுக்கு அனுப்பிவிட்டுத் தோண்டத் தொடங்கலாம். பழைய தொட்டியின் அடியிலிருந்து எடுக்கும் கடைசிச் சில நூறு லிட்டரில் தண்ணீரும் கசடும் இருக்கும். அதை ஜெனரேட்டருக்கோ வாகனங்களுக்கோ ஊற்றாமல், கழிவு எண்ணெய் எடுக்க அனுமதி பெற்றவரிடம் ரசீது பெற்று ஒப்படையுங்கள்.